பழைய டி-ஷர்ட்களில் போர்வை: பனியன் துணியை நெளியாமல் தைப்பது எப்படி?

கேள்வி மதுரையிலிருந்து வந்திருக்கிறது. மகன் பள்ளி முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். பீரோவில் அவனுடைய பழைய டி-ஷர்ட்கள் இருபது கிடக்கின்றன. விளையாட்டு விழாவில் கொடுத்தது, என்.சி.சி முகாமில் போட்டது, ஓட்டப் போட்டியில் கிடைத்தது, மஞ்சள் கிரிக்கெட் ஜெர்சி என்று பலவகை. தரை துடைக்கப் போட மனசு வரவில்லை. போர்வையாகத் தைத்துக் கொடுக்கலாம் என்று இரண்டை வெட்டி இணைத்துப் பார்த்தால், தையல் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்து நின்றுவிட்டதாம். வீட்டில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கால்மிதி மெஷின். இதில் முடியுமா, நம் ஊர் வெயிலுக்கு உள்ளே பஞ்சு வைக்கத்தான் வேண்டுமா, துணியின் பின்பக்கம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டி விறைப்பு கொடுக்கும் ஒட்டு கேன்வாஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்.

கால்மிதி மெஷினிலேயே முடியும். நெளிந்ததற்குக் காரணம் உங்கள் கையும் இல்லை, மெஷினும் இல்லை. வேட்டி, புடவை, பாப்லின் எல்லாம் நெய்த துணி. பாவும் ஊடும், அதாவது நீளவாக்கு நூலும் குறுக்கு நூலும், ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். டி-ஷர்ட் பின்னிய துணி. நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் வளையம் அகலும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். மெஷினின் அடியில் இருக்கும் பல்வரிசை துணியைத் தள்ள, மேலே ஃபுட் அழுத்திப் பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் துணி இழுபடுகிறது. இழுபட்ட அந்த நிலையிலேயே தையல் விழுந்து பூட்டிவிடுகிறது. வளையங்களால் பழையபடி சுருங்க முடியவில்லை, அதனால் நெளிகிறது.

இதனால்தான் டி-ஷர்ட் போர்வையில் பாதிக்கு மேல் வேலை இஸ்திரி மேசையிலேயே முடிந்துவிடுகிறது என்று சொல்வேன். தைக்க உட்காரும் முன்பே பனியன் துணியை நெய்த துணிபோல நடந்துகொள்ளும்படி மாற்றிவிட வேண்டும். அதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை தலையணை உறை தைக்கிற அளவுதான். அதைச் செய்யாமல் விலை உயர்ந்த மெஷினில் தைத்தாலும் நெளியும்.

முதலில் எல்லாவற்றையும் துவைத்துக் காயவையுங்கள். வாசனைக்காகவும் மென்மைக்காகவும் கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற கம்ஃபர்ட் மாதிரி திரவம் வேண்டாம். அது இழையில் படிந்து, பின்னால் ஒட்டப்போகும் கேன்வாஸின் பசையைப் பிடிக்கவிடாது. கருஞ்சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதைத் தனியாக இன்னும் இரண்டு முறை அலசுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் அந்த டி-ஷர்ட்டை விட்டுவிடுவது நல்லது. ஒன்றே ஒன்று மற்ற எல்லாவற்றின் மேலும் சாயத்தை ஏற்றிவிடும்.

மீதியை வெட்ட மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடைகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டப்பட்டன. அவற்றில் ஒன்று, மிசூரி பெட்வே என்பவர் 1942-இல் தைத்தது. இறந்துபோன கணவரின் வேலை உடைகளைத்தான் அவர் வெட்டினார், அவரை நினைத்தபடி அதைப் போர்த்திக்கொள்வதற்காக. முழங்கால் தேய்ந்த இடமும் வெளிறிய இடமும் அதில் அப்படியே தெரியும். 1987 அக்டோபரில் எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவுப் போர்வை வாஷிங்டனில் முதன்முறையாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. போனவர்கள் போட்டிருந்த டி-ஷர்ட்டையும் ஜீன்ஸையும் வீட்டாரும் நண்பர்களும் அந்தப் பகுதிகளில் தைத்துச் சேர்த்தார்கள். பீரோவில் மடித்து வைத்த உடுப்பை யாரும் பார்ப்பதில்லை, ஐந்தாறு வருடத்தில் மடிப்பிலேயே மஞ்சள் படியும். வெட்டித் தைத்தால் தினமும் மேலே கிடக்கும். அதனால் தைரியமாக வெட்டுங்கள்.

அளவுக் கணக்கைப் பார்ப்போம். இருபது டி-ஷர்ட் என்பது நல்ல எண்ணிக்கை. அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து என்று அடுக்கலாம். ஒவ்வொரு சதுரமும் 15 இஞ்ச் வெட்டு. சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்குப் போனால் 14 இஞ்ச் தெரியும். சதுரங்களுக்கு நடுவிலும் வெளிச்சுற்றிலும் இரண்டு இஞ்ச் பட்டை வைத்தால் முழுப் போர்வை 66-க்கு 82 இஞ்ச் வரும். ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். பருத்திப் போர்வை தைப்பவர்கள் கால் இஞ்ச்தான் தையலுக்கு விடுவார்கள். பனியன் துணிக்கு அது போதாது, அரை இஞ்ச் விடுங்கள்.

பட்டை வேண்டாம், சதுரத்தோடு சதுரமாகவே தைக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். முதல் போர்வைக்கு நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டை நெய்த பாப்லின். ஒவ்வொரு பனியன் சதுரத்தையும் நாலு பக்கமும் சட்டம் போட்டுப் பிடித்துக்கொள்ளும். பத்து நிறத்தில் கத்திக்கொண்டிருக்கும் பிரிண்ட்களுக்கு நடுவில் கண்ணுக்கு ஓய்வும் கொடுக்கும். மூன்று இஞ்ச் அகலத்தில் பட்டை வெட்ட, 44 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலம்) சுமார் ஒன்றே முக்கால் மீட்டர் ஆகும். கடைசியில் ஓரம் கட்டவும் அதே துணி என்றால் இரண்டரை மீட்டராக வாங்கிவிடுங்கள். வாங்கியதைத் துவைத்து, சுருங்கவிட்டு, பிறகு வெட்டுங்கள்.

இப்போது கத்தரிக்கோல். டி-ஷர்ட்டின் இரண்டு பக்கத் தையலையும் மேலிருந்து கீழாக வெட்டுங்கள், தோளையும் கைகளையும் நீக்குங்கள். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. இந்தக் கட்டத்தில் சதுரமாக வெட்டக் கூடாது, பெரிதாகவே இருக்கட்டும். வெட்டின கையோடு ஓரம் சுருள ஆரம்பிக்கும். பக்கவாட்டு ஓரம் உட்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் வெளிப்பக்கமாகவும் சுருளும். டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியின் சுபாவம் அது. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர்கள் புதுத் துணி ரோலைப் பிரித்து, மேசையில் ஏற்றும் முன்பு மணிக்கணக்கில் சும்மா போட்டு வைப்பார்கள். ரோலில் இழுபட்டிருந்த துணி அப்போதுதான் தன் அளவுக்கு வரும். நீங்களும் வெட்டியவற்றை ஓர் இரவு கட்டிலில் விரித்து வைத்துவிட்டு அடுத்த நாள் எடுங்கள்.

துவைத்துத் துவைத்துப் போட்ட டி-ஷர்ட்டில் இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கமாகத் திரும்பியிருக்கும். நூலின் முறுக்கு துணியையே சாய்த்துவிடுவதால் அப்படி ஆகிறது. அதனால் பக்கத் தையலை நேர்க்கோடு என்று நம்பி அளந்தால் படமும் எழுத்தும் கோணலாக வந்துவிடும். எதை நம்புவது? கேன்வாஸ் ஒட்டும் வரை துணியின் இழையை நம்புங்கள். உற்றுப் பார்த்தால் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன ‘வி’ எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரிசையாக ஏறும், அதுதான் நேர் இழை. கேன்வாஸ் ஒட்டிய பிறகு பிரிண்டை நம்புங்கள். ஒட்டிவிட்டால் இழையின் திசைக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. எழுத்து வரி நேராக நின்றால் போதும்.

சரி, கேன்வாஸ். சட்டைக் காலருக்கு வைக்கிற விறைப்பான கேன்வாஸ் இதற்கு ஆகாது, போர்வை அட்டை மாதிரி நிற்கும். பிளவுஸ் கழுத்துக்கும் சுடிதார் கழுத்துக்கும் வைக்கிற, ஒரு பக்கம் மட்டும் பசை உள்ள மெல்லிய ரகம்தான் வேண்டும். தையல் சாமான் கடையில் பேப்பர் கேன்வாஸ், ஃபியூசிங் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். விரல் வைத்துத் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பாகவும் இருக்கும். சொரசொரப்புதான் பசை. 17 இஞ்ச் சதுரம் இருபது வெட்ட, 40 இஞ்ச் பன்னாவில் நாலரை மீட்டர் தேவை.

கேன்வாஸுக்கும் திசை உண்டு. ஒரு துண்டை இரண்டு கையால் நீளவாக்கில் இழுங்கள், அசையாது. குறுக்கே இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். டி-ஷர்ட் துணியோ குறுக்கேதான், அதாவது மார்பின் அகலவாக்கில்தான், அதிகமாக இழுபடும். எனவே கேன்வாஸின் அசையாத திசை டி-ஷர்ட்டின் குறுக்குவாக்கில் வரும்படி வையுங்கள். கேன்வாஸ் ஒட்டியும் நெளிகிறது என்று வருத்தப்படுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்தத் திசை மாறியிருக்கும்.

ஒட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேசையில் தடித்த பருத்திப் போர்வை, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் டி-ஷர்ட்டின் பிரிண்ட் கீழ்நோக்கி. டி-ஷர்ட் பிரிண்டில் பெரும்பகுதி பிளாஸ்டிசால் மை, பெயருக்கேற்றபடி அது பிளாஸ்டிக்தான். தொழிற்சாலையில் சுமார் 160 டிகிரி சூட்டில் கெட்டிப்படுத்தியிருந்தாலும், இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் மறுபடி இளகி, எதன் மேல் படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் பட்டர் பேப்பர். கையால் தடவித் துணியைச் சமப்படுத்துங்கள், இழுக்க வேண்டாம். இழுத்த நிலையில் ஒட்டினால் அந்த இழுவையையும் சேர்த்துத்தான் ஒட்டுகிறீர்கள். பிரிண்ட் நடுவில் வரும்படி கேன்வாஸைச் சொரசொரப்பு கீழே இருக்குமாறு வைத்து, அதன்மேல் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய வேட்டித் துணியைப் போடுங்கள்.

பெட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்து, நடுவிலிருந்து தொடங்கி அழுத்துங்கள். துணி தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் ஓட்டக் கூடாது. ஓர் இடத்தில் வைத்து, உடம்பின் எடையைக் கொஞ்சம் கொடுத்து, பத்துப் பதினைந்து விநாடி நிறுத்தி, தூக்கி, பக்கத்தில் வையுங்கள். முந்தின இடத்தின்மேல் கொஞ்சம் ஏறியே அடுத்த இடம் வரட்டும். நம் வீடுகளில் இருக்கும் பழைய கனமான பெட்டி இதற்கு நீராவிப் பெட்டியைவிட நன்றாக உழைக்கும், அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். தெருமுனை கரிப்பெட்டி மட்டும் வேண்டாம், சூடு நம் கையில் நிற்காது. முடிந்ததும் உடனே தூக்காமல் ஆறவிடுங்கள். பசை ஆறும்போதுதான் கெட்டிப்படும். ஆறிய பிறகு ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். உரிந்து வந்தால் சூடோ நேரமோ போதவில்லை, இன்னொரு முறை அழுத்துங்கள். இங்கே சோம்பல்பட்டால் முதல் துவைப்பிலேயே கொப்பளம் கொப்பளமாக எழும்பும். அப்போது போர்வையைப் பிரிக்கவும் முடியாது.

கிரிக்கெட் ஜெர்சி பாலியஸ்டர், அதற்கு வேறு நடைமுறை. சூடு அதிகமானால் சுருங்கிப் பளபளக்கும். சின்னச் சின்ன ஓட்டை உள்ள வலைத்துணியாக இருந்தால் பசை ஓட்டை வழியாக வெளியே வரும். பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, அழுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள். ஜெர்சியின் கையிலோ அடியிலோ கழித்த துண்டில் முதலில் சோதித்துவிட்டு அப்புறம் நெஞ்சுப் பகுதிக்கு வாருங்கள்.

எல்லாம் ஒட்டியான பிறகு சதுரம் வெட்டலாம். தடித்த அட்டையில் 15 இஞ்ச் சதுரம் வரைந்து, அதற்குள் 14 இஞ்ச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டால் ஒரு ஜன்னல் கிடைக்கும். அதை டி-ஷர்ட்டின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால், தைத்து முடித்த பிறகு எது தெரியும் எது தெரியாது என்பது கண்ணெதிரே இருக்கும். படம் சரியாக அமைந்ததும் வெளி ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வெட்டுங்கள்.

எல்லா டி-ஷர்ட்டும் ஒத்துவராது. நெஞ்சில் ரூபாய் அளவுக்குச் சின்ன முத்திரை மட்டும் இருந்தால், அதை ஏழு இஞ்ச் பட்டையாக வெட்டி, அதேபோன்ற இன்னொன்றையோ முதுகுப்பக்க எழுத்தையோ சேர்த்து ஒரு சதுரம் ஆக்கலாம். இணைக்கும் தையலுக்கும் சேர்த்து இருபக்கமும் அரை இஞ்ச் விட மறக்க வேண்டாம். மூன்று வயதில் போட்ட குட்டி டி-ஷர்ட்டில் 15 இஞ்ச் வராது. வருகிற அளவுக்கு வெட்டி, சுற்றிலும் பாப்லினோ அவனுடைய பழைய பள்ளிச் சட்டைத் துணியோ வைத்துப் பெரிதாக்குங்கள். பிரிண்ட் கழுத்துப் பட்டிக்கு மிக அருகில் இருந்தால் கழுத்தை வெட்டி எறிய வேண்டாம். அந்தப் பட்டியோடு சேர்த்தே ஒட்டி, கழுத்து வளைவின் அடியில் வேறொரு டி-ஷர்ட் துணியை வைத்து, பட்டி ஓரமாகத் தைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டி தெரிகிற சதுரம்தான் போர்வையில் முதலில் கண்ணில் படும், சட்டை என்ற ஞாபகத்தைக் கொடுப்பதும் அதுதான். என்.சி.சி டி-ஷர்ட்டில் பை இருந்தால் அதையும் அப்படியே விடச் சொல்வேன்.

தரையில் பரப்பி அடுக்கிப் பாருங்கள். நிறம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, இருட்டான துணிகள் ஒரே மூலையில் குவிந்துவிட்டனவா என்று பார்ப்பது முக்கியம். போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் உடனே தெரியும். பெரிய எழுத்துள்ள சதுரங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். பிடித்த வரிசை வந்ததும் ஒவ்வொன்றின் பின்னாலும் எண் எழுதிவிடுங்கள்.

மெஷினுக்கு வருவோம். ஊசியைக் கட்டாயம் மாற்றுங்கள். சாதாரண ஊசியின் கூர்முனை வளையத்தின் நூலைக் குத்தி அறுக்கும், துவைக்கத் துவைக்க அந்த இடம் ஓட்டையாகும். பால் பாயிண்ட் ஊசியின் உருண்டை முனை நூலை விலக்கிக்கொண்டு இடைவெளியில் இறங்கும். 14-ஆம் நம்பர் கேளுங்கள். வீட்டு மெஷினுக்குத் தட்டைத் தண்டு உள்ள ஊசி. கம்பெனி பவர் மெஷின் ஊசியின் தண்டு உருண்டையாக இருக்கும், அதை மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள். தையலை இஞ்சுக்கு எட்டு ஒன்பது விழும்படி கொஞ்சம் நீளமாக்குங்கள். மெஷின் தலைக்கு மேலே ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். பலர் அதை வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்கவே மாட்டார்கள். அதை இரண்டு சுற்று தளர்த்தினால் இழுவை குறையும்.

பட்டையையும் சதுரத்தையும் சேர்த்துத் தைக்கும்போது பனியன் சதுரம் அடியில், பாப்லின் பட்டை மேலே. அடியில் இருக்கும் பல்வரிசை அடித்துணியைச் சற்று உள்வாங்கித் தள்ளும், அதனால் இழுபடும் துணி கீழே இருப்பதுதான் நமக்கு நல்லது. குண்டூசியை ஓரத்தின் அரை இஞ்சுக்குள் மட்டும் குத்துங்கள். பிளாஸ்டிசால் பிரிண்டில் குத்திய ஓட்டை மூடாது. பிரிண்டின் மேல் விழுந்த தையலைப் பிரித்தாலும் தடம் நிற்கும். முதலில் ஒவ்வொரு வரிசையிலும் நாலு சதுரங்களுக்கு நடுவே மூன்று குட்டிப் பட்டை. பிறகு வரிசைகளுக்கு நடுவே நீளப் பட்டை. கடைசியில் வெளிச்சுற்று. நீளப் பட்டையை வரிசையின் அளவுக்கு வெட்டாமல், இருக்க வேண்டிய அளவான 63 இஞ்சுக்கு வெட்டி, வரிசையை அதற்குள் அடக்குங்கள். ஐந்து வரிசைக்கும் ஒரே அளவு பட்டை என்றால் போர்வை கோணாது. தையலைத் திறந்து இஸ்திரி போடுங்கள், பிரிண்டை மட்டும் தொடாமல்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, பஞ்சு. அமெரிக்கப் போர்வையில் அது பனிக்காலத்துக்காக வைப்பது. மதுரையில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டை நடுவில் வைத்தால் கார்த்திகை, மார்கழி தவிர யாரும் அதைத் தொட மாட்டார்கள். டி-ஷர்ட்டும் கேன்வாஸும் அடித்துணியும் சேர்ந்தாலே ஒரு கனம் வந்துவிடுகிறது. நான் சொல்வது, நடுவில் ஒரு பழைய காட்டன் புடவை. வங்காளத்தில் கந்தா தைக்கும் பெண்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் கவண்டி என்ற போர்வையைப் பழந்துணிகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒட்டித் தைத்துக்கொண்டே போய் முடிப்பார்கள். இரண்டிலும் பஞ்சு கிடையாது. நம் பக்கத்துத் தட்பவெப்பத்துக்கு அதுவே பொருத்தம்.

கணக்கும் கச்சிதமாக வருகிறது. ஐந்தரை மீட்டர் புடவையில் 90 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்தால், இரண்டையும் பக்கவாட்டில் இணைத்து 66-க்கு 82 போர்வைக்கு நடுத்துணி கிடைத்துவிடும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். நன்றாகப் புழங்கி மெத்தென்று ஆன சுங்குடியோ வாயில் புடவையோ நல்லது. செட்டிநாடு காட்டன் கனமாக இருக்கும். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், உள்ளிருந்து உறுத்தும், ஊசியையும் முறிக்கும். கொடைக்கானல் பக்கம் படிக்கிற பிள்ளைக்கு என்றால் பஞ்சு ஷீட் வையுங்கள், அதிலும் மெல்லிய ரகம். எத்தனை இஞ்சுக்கு ஒரு தையல் வேண்டும் என்பது பஞ்சு ஷீட்டின் ரகத்துக்கு ரகம் மாறும், கடையில் கேட்டு வாங்குங்கள்.

அடித்துணிக்குக் காடாத் துணியோ, துவைத்துப் பழகிய டபுள் காட் பெட்ஷீட்டோ போதும். மேல்துணியைவிட நாலு பக்கமும் நாலு இஞ்ச் பெரிதாக இருக்கட்டும். தரையில் அதை விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, சுருக்கமில்லாமல் ஆக்குங்கள். அதன்மேல் புடவை, அதன்மேல் டி-ஷர்ட் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே போய், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள், பிரிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து. இதற்கு வீட்டில் இன்னொருவர் துணை வேண்டும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையலில்தான் கால்மிதி மெஷினின் எல்லை வருகிறது. முடிந்த போர்வை ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அத்தனையும் மெஷினின் கைக்கு அடியில் சுருட்டித் தள்ளுவது சிரமம். பட்டையும் சதுரமும் சேரும் கோட்டுப் பள்ளத்திலேயே நேராகத் தைப்பது ஒரு வழி. நடு வரிசையில் தொடங்கி வெளியே போக வேண்டும். தடுமாற்றமாக இருந்தால் முடிச்சு போட்டுக் கட்டிவிடுங்கள். நான் உங்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். தடித்த எம்பிராய்டரி நூலை மேலிருந்து மூன்று அடுக்கும் பிடிக்கக் குத்தி, கால் இஞ்ச் தள்ளி மேலே எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் ஒருமுறை குத்தி எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு அரை இஞ்ச் விட்டு வெட்டுங்கள். நாலைந்து இஞ்சுக்கு ஒன்று. பட்டைகள் சேரும் மூலைகளில் கட்டாயம் ஒன்று. சதுரத்துக்குள் பிரிண்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் மற்றவை. பிரிண்ட் சதுரம் முழுவதும் பரவியிருந்தால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் துணி தெரிகிற இடத்தைத் தேடிக் குத்துங்கள்.

ஓரம் கட்டுவது உங்களுக்குத் தெரிந்த பைப்பிங் வேலைதான், அதனால் அளவு மட்டும். இரண்டரை இஞ்ச் பட்டை எட்டு, நேர் இழையிலேயே வெட்டலாம், கிராஸ் தேவையில்லை. நீளமாக இணைத்து, இரண்டாக மடித்து, மேல்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கைத்தையல் போடுங்கள்.

துவைக்கும்போது உட்புறம் வெளியே வரும்படி மடித்து, குளிர்ந்த தண்ணீரில், முறுக்கிப் பிழியாமல். நிழலில் இரண்டு கொடிகளுக்கு மேல் பரப்பிக் காயவையுங்கள். ஒரே கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடை தையலை இழுக்கும். பிரிண்ட் மேல் இஸ்திரி எப்போதுமே வேண்டாம்.

கடைசியாக, ஒட்டு கேன்வாஸ் கிடைக்கவே இல்லையென்றால். எட்டு முழ வேட்டி ஒன்றைத் துவைத்து, கரையை நீக்கி, 16 இஞ்ச் சதுரங்களாக வெட்டுங்கள், கிட்டத்தட்ட இருபது வரும். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டாத டி-ஷர்ட் துணியை இழுக்காமல் பரப்பி, பிரிண்டின் ஓரத்திலிருந்து வெளியே தடவி, சுற்றிலும் குண்டூசி குத்துங்கள். ஜன்னல் அட்டையை வைத்து 15 இஞ்ச் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குக் கால் இஞ்ச் உள்ளே கையால் ஓட்டுத்தையல் ஓட்டிய பிறகு, இரண்டு துணியையும் சேர்த்து ஒன்றாக வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தைக்கப் போனால் ஓரம் சுருண்டுவிடும், வரிசையை மாற்றாதீர்கள். அப்புறம் வேட்டியும் டி-ஷர்ட்டும் ஒரே துணி என்று நினைத்து மேலே சொன்னபடி தைக்கலாம். இப்படிச் செய்தால் நடுவில் புடவையே வேண்டியதில்லை, வேட்டியே அந்த அடுக்காகிவிடும். போர்வை கேன்வாஸ் வைத்ததைவிட மெத்தென்று விழும். ஆனால் கைத்தையல் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும், முடிச்சுகளையும் நாலு இஞ்சுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. பாலியஸ்டர் ஜெர்சிகளுக்கு, கேன்வாஸ் கையில் இருந்தால்கூட, இந்த வேட்டி முறைதான் எனக்குப் பிடித்தது.